புது ஊசிகள்

சுவிஸில், பீல் நகரில் எங்கள் கட்டடத்தில் சலவை அறை முறை வைத்துத்தான் கிடைக்கும். எங்கள் முறை வந்த ஒரு நாள், அண்ணாவின் ஜாக்கெட்டைத் தோய்க்கப் போன அம்மா அதன் பொக்கெற்றில் ஒரு பொதியைக் கண்டார். உள்ளே புது ஊசிகள்.

அண்ணா ஹெரோயின் ஏற்றுகிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கப் பழகியிருந்தோம். போதைப்பொருள் பாவிப்பவர்களுக்கென்று நகரில் ஒரு நிலையம் இருக்கிறது. பழைய ஊசியைக் கொடுத்தால் புதியது தருவார்கள். வேறெதில் எப்படியோ, அந்த விஷயத்தில் மட்டும் அவன் படு கவனம்.

அந்த ஞாயிறு ஆரா நகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அம்மா பதறிப்போனார். வீட்டுக் குப்பையில் போட்டால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று, பொதியைத் தமிழ்க் கடைப் பையில் சுற்றி ஸ்டேஷன் வரை நடந்துபோய் எறிந்தார். அண்ணாவிடம், இருட்டும் வரை வீட்டுப் பக்கம் வராதே என்றார்.

வந்தவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டார்கள். "படிக்கிறார்" என்றார் அம்மா. முப்பது வயதில்! பிறகு, சாதகம் பொருந்தவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். அந்த ரோல்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர்கள் போன பிறகுதான் அம்மா ஊசியின் கதையைச் சொன்னார். "ஊசி இல்லையெண்டால் என்னெண்டு குத்துவான்?" அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஞாயிறு என்பதால் அன்று நிலையம் பூட்டு. அண்ணா சிநேகிதன் ஒருவனின் அறையில், அவன் பாவித்த ஊசியையே வாங்கிக் குத்தியிருக்கிறான்.

சில மாதங்களின் பின், அண்ணாவின் இரத்தப் பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் அம்மாவும் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். எச்.ஐ.வி. என்றார் தாதி. தினமும் மருந்து எடுத்தால் மற்றவர்களைப் போல நீண்ட காலம் வாழலாம் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அழக்கூட நேரமில்லை.

"புது ஊசி உங்களிடம் இருக்கவில்லையா?" என்று தாதி அண்ணாவைக் கேட்டார்.

பொக்கெற்றைத் தடவிப் பார்த்த அன்றே, எடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியும். "முடிந்துவிட்டது" என்று சுவிஸ் ஜெர்மனில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ஊசி முடிஞ்சு போச்சாம், அம்மா."

"பொய் சொல்லுறான். ஒரு பொதி புதுசா இருந்தது. நான் எல்லே எறிஞ்சனான்."

நான் அதைத் தாதிக்கு மொழிபெயர்க்கவில்லை. அம்மா அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?"