பாதி ரிக்கற்

வறுத்த கச்சான் கடலை மணம் எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் ஊர்த் தியேட்டரின் தகரக்கூரை ஞாபகத்துக்கு வந்துவிடும். அதிலிருந்த ஆணி ஓட்டைகளால் பிற்பகல் வெயில் உள்ளே இறங்கி, கதாநாயகியின் கன்னத்தில் இல்லாத மச்சமெல்லாம் வைத்துவிட்டுப் போகும். கல்லூரி இருந்ததால்தான் எங்கள் சின்ன ஊருக்குத் தியேட்டரே வந்தது என்பார்கள். அந்தக் கல்லூரிப் பெடியன்களில் பாதிப்பேர் கணக்குப் பாடத்தை "மட்னி" எனும் பிற்பகல் காட்சியில்தான் படித்தார்கள் என்பதும் உண்மை. என் அண்ணையும் அப்படித்தான். வகுப்பால் வந்த நல்லபிள்ளை மாதிரி வாசலில் நிற்பான். அம்மா அவனுடைய சட்டைப்பையைத் தடவி, கச்சான் கோதை எடுத்துக் காட்டிச் சிரிப்பார்.

எங்கள் தியேட்டருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரே படத்தைப் பக்கத்து ஊர்த் தியேட்டரோடு பங்குபோட்டு ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடிந்த றீல் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து சேரும்வரை எங்களுக்கு இடைவேளை. வீட்டுக்குப் போய் ஆட்டுக்குக் குழை போட்டுவிட்டு வரலாம், அவ்வளவு நீளம். கலரியிலிருந்து விசில் பறந்தால் மனேச்சர் திரைக்கு முன்னால் வந்து, "ஆக்கப் பொறுத்தனீங்கள், ஆறப் பொறுக்க மாட்டியளோ?" என்பார். சைக்கிள் வராமலே போனால், கிழித்த ரிக்கற்றின் பின்பக்கம் "மிச்சம் பிறகு" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவார். இன்னொரு நாள் அதைக் காட்டி இரண்டாம் பாதி பார்க்கலாம். அதற்குப் பெயர் "பாதி ரிக்கற்".

எனக்கு ஒன்பது வயதில், ஒருநாள் மட்னிக்குப் போன அண்ணை வீட்டுக்குத் திரும்பவில்லை. தியேட்டர்க் கொட்டிலில் அவனுடைய சைக்கிள் மட்டும் பூட்டியபடி நின்றது. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று எங்களுக்கு விளங்க இரண்டு நாள் எடுத்தது. என் தகப்பனாரான ஐயா அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார், ஏறி ஓடவில்லை. அம்மா அதற்குப் பிறகு தியேட்டர் ஒழுங்கையால் போவதையே விட்டுவிட்டார்.

ஒரு வருசம் கழித்து, அம்மாவின் தங்கையான என் சின்னம்மா, "எத்தினை நாளைக்கு உப்பிடியே இருக்கப் போறாய் அக்கா? வெளிக்கிடு!" என்று எங்களை மட்னிக்கு இழுத்துக்கொண்டு போனார். போயும் போயும் அன்றைய படத்தில் ஒரு மகன் தகப்பனோடு கோபித்துக்கொண்டு ரயில், எங்கள் வாயில் "கோச்சி", ஏறினான். தாய் பின்னால் ஓடினாள். இடைவேளை. சின்னம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அன்று றீல் பெட்டி வரவில்லை; வழியில் ஷெல் விழுந்து றோட்டைப் பூட்டிவிட்டார்கள். பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து போன பிறகும் அம்மா வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"உந்தப் பெடியன் திரும்பி வருவானோ?" என்று மனேச்சரைக் கேட்டார்.

அண்ணையின் சைக்கிளை ஐயாவிடம் எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். மூன்று பாதி ரிக்கற் எழுதித் தந்தார்.

தியேட்டர் அதற்குப் பிறகு திறக்கவேயில்லை. அந்த ஒழுங்கைப் பக்கமே தலைவைக்காத அம்மா, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிற சாட்டில் போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு கரண்ட் நின்றது. பிறகு அகதிகளாக வந்த சனம் உள்ளே பாய் விரித்தது. தொண்ணூற்றைந்தில் நாங்களே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா காணி உறுதிப் பத்திரத்தோடு சேர்த்துத் தன் பாதி ரிக்கற்றையும் எடுத்துக்கொண்டார். அண்ணையைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

போன வருசம் ஊருக்குப் போனேன். தியேட்டர் இருந்த இடத்தில் சீமெந்துக் கடை. ரிக்கற் கொடுத்த ஓட்டையைப் பூசி அடைத்த தழும்பு மட்டும் சுவரில் இருக்கிறது. கச்சான் விற்கவும் ஆளில்லை. கொக்குவிலில் இருக்கும் அம்மாவிடம் போய், "அம்மா, அந்தப் படத்தின்ரை மிச்சம் என்ரை போனில இருக்கு. பாப்பமோ?" என்றேன்.

அம்மா உறுதிப் பையைத் திறந்து, மங்கிப்போன ரிக்கற்றை எடுத்து, பின்பக்கத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. அவன் கோச்சியிலயே இருக்கட்டும்."

நான் போனை அணைத்துவிட்டேன். முடிவு வரை முதலே பார்த்திருந்தேன். படத்தில் மகன் திரும்பி வந்துவிடுகிறான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.