கூட்டினால் எட்டு

எழுத்துக்கும் விலை உண்டு என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஒரு சின்ன ஓட்டல். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி இணையதளம் திறந்தார். முகவரியில் ஊர்ப் பெயரை முழுசாகப் போட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஊருக்கோ புதுப்பெயர் ஒன்று, பழைய பெயர் ஒன்று. வெள்ளைக்காரர்களுக்கு எம் எத்தனை, எல் எத்தனை என்று தெரியாது. தப்பாக அடித்துவிட்டு, மெயில் போகவில்லை என்று போனில் கத்துவார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். நாலே எழுத்தில் முடித்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அப்புறம் கல்யாணம் ஆகி செங்கல்பட்டுக்கு வந்தேன். நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் ஊர்வம்பு பேச, நான் டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, வாங்கி விற்கிறவர்கள் எழுதும் தளம் ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பேன். மூன்றெழுத்து டாட் காம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. நாலெழுத்தில்தான் இன்னும் மிச்சம் இருந்தது. ஆனால் நாலெழுத்தாக இருந்தால் மட்டும் போதாதாம். ஏ, சி, எம், எஸ், டி எல்லாம் உசத்தி எழுத்து. க்யூ, எக்ஸ், இசட் இருந்தால் குப்பை. கே, வி, டபிள்யூ, ஒய் இருந்தாலும் பாதி விலைதான். எழுத்திலுமா மேல் கீழ் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அப்பாவின் இனிஷியல் கே. தாத்தாவுடையது வி. அந்த எழுத்துகளை வைத்து அயல்நாட்டுக் கம்பெனிகள் பெயர் வைப்பதில்லை, அதனால் மதிப்பில்லை. இதுதான் அவர்கள் நியாயம்.

எரிச்சல் ஒரு பக்கம் இருக்க, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பன்னிரண்டு பெயர்களைப் பதிவு செய்தேன். பதினொன்றில் ஏதாவது ஒரு சொத்தை எழுத்து இருந்தது. ஒன்று மட்டும் பழுதில்லாதது. யாரோ புதுப்பிக்காமல் விட்டதைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து பிடித்தேன். எஸ்ஸில் தொடங்கி எம்மில் முடியும், நடுவில் இருந்த இரண்டும் நல்ல எழுத்து.

இதெல்லாம் ஒரு தனி வீட்டுக்காகத்தான். மாமியார் வீட்டில் இருந்தது இரண்டு அறை. ஒன்றில் மாமியார், இன்னொன்றில் கொழுந்தன் குடும்பம். நாங்கள் கூடத்தில் படுத்தோம். புடவை மாற்றக் குளியலறைக்குத்தான் போக வேண்டும். கூடுவாஞ்சேரியில் ஒரு படுக்கையறை வீடு விலைக்கு வந்திருந்தது; நானும் அவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, எஸ் பெயரை விற்பீர்களா என்று மெயில் போட்டது. அவர்கள் சொன்ன விலை வீட்டுக்கு முன்பணம் கட்டப் போதும். மேலிடத்து அனுமதிக்குச் சில மாதம் ஆகும், காத்திருங்கள் என்றார்கள். எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

வளைகாப்பு முடிந்ததும் படாளத்துக்கு, அம்மா வீட்டுக்கு, அழைத்துப் போய்விட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் ஏது? மதுராந்தகம் போனால் பிரவுசிங் சென்டர் உண்டு, ஆனால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பஸ் ஏற யார் விடுவார்கள்? பன்னிரண்டு பெயர்களையும் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்; நான் திரும்புவதற்குள் அந்த நாள் வந்துவிடும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, என் கார்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன்.

"எது போனாலும் போவட்டும், அந்த எஸ் பேரு மட்டும் போவக் கூடாதுங்க" என்றேன்.

அடுத்த மாதம் போன் செய்து கேட்டேன். "கட்டியாச்சு, கட்டியாச்சு. இன்னாத்துக்கு சும்மா நச்சரிச்சிகினு கீற?" என்றார்.

பெண் பிறந்தாள். ஐந்தாம் மாதம் குழந்தையோடு திரும்பினேன். முதல் வேலையாகக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பதினொன்று இருந்தது. எஸ் இல்லை. கெடு எல்லாம் தாண்டி, வேறொருவன் பெயருக்குப் போயிருந்தது. அந்தக் கம்பெனியின் மெயிலும் கிடந்தது: தற்போது வைத்திருப்பவரிடம் வாங்கிக்கொண்டோம், நன்றி.

"இன்னாங்க பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"அது எட்டு வருது" என்றார், சட்டையை மாட்டிக்கொண்டே.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நியூமராலஜி பார்க்கிறவரிடம் என் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். எஸ் மூன்று, எம் நான்கு; நாலு எழுத்தையும் கூட்டினால் பதினேழு; ஒன்றும் ஏழும் எட்டு.

"சனியன் புடிச்ச நம்பரு. பச்சப் புள்ள வர்ற வூட்ல அத்த வச்சிகினு இன்னா பண்றது? நல்லதுக்குதான் வுட்டேன்."

அடப்பாவி மனுஷா! க்யூவும் இசட்டும் சேர்ந்த ஒரு பெயர் இருந்தது, சும்மா கொடுத்தாலும் ஒருவரும் வாங்கமாட்டார்கள். கூட்டினால் ஆறு வருகிறதாம், ஆறு என்றால் செல்வமாம். அதற்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்தார், என் கார்டில்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சரி, போனது போகட்டும், என் சம்பளத்தில் லோன் போடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கூடுவாஞ்சேரி வீட்டுக்காரரிடம் பேசச் சொன்னேன்.

"அந்த வூட்டு நம்பரு இருபத்தாறு. கூட்டிப் பாரு" என்றார்.

கூட்டினேன். எட்டு.

"அப்போ வேற வூடு பாப்போம். முப்பதாம் நம்பரு கெடச்சா?"

அவர் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"முப்பத்திரெண்டு? அது அஞ்சு. அஞ்சு நல்லதுதானே?"

குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மாவ வுட்டுட்டு நான் எங்க வர்றது?"

இந்த ஒரு வார்த்தையைக் கூடுவாஞ்சேரியிலேயே, வீடு பார்த்த அன்றே, சொல்லித் தொலைத்திருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். அவர் கையில் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்க மாட்டேன்.