பாச்சலூரில் சந்தனம் பூசிய பொக்லைன்

காலாண்டு விடுமுறையில் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் மட்டையைத் தேடினார்கள். நானும் நண்பன் பிரிட்டோவும் பழைய பொக்லைன்களைத் தேடினோம். மண் தோண்டும் அந்த இயந்திரங்களின் மாடல் எண் பொறித்த தகட்டைப் படித்து நோட்டில் எழுதுவது எங்கள் பொழுதுபோக்கு. சிலர் பறவை பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பது படம் எடுக்கும் நேரத்தில் பறந்துவிடாது. பாச்சலூரில் நாற்பது வயதைத் தாண்டிய ஒன்று நிற்பதாகக் காய்கறி லாரி ஓட்டுநர் ஒருவர் சொன்னதால் கிளம்பினோம்.

காலை 6.40க்குச் செண்பகனூரில் பஸ், தாண்டிக்குடியில் மாற வேண்டும். சுமார் 65 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், ஆளுக்கு 70 ரூபாய். மலை வளைவுகள் வயிற்றிடம் தனியாக வசூலிக்கும்.

“எங்கப்பா போறீங்க?” என்றார் கண்டக்டர்.

“பொண்ணு பாக்கண்ணே. மஞ்ச நெறம், நீளக் கழுத்து, பத்து டன்னு” என்றேன் நான்.

“அப்ப தாலிக்கு லாரிக் கயிறுதாம்ப்பா வேணும்” என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் அந்தப் பொக்லைன் நின்றது. உரிமையாளரும் ஓட்டுநரும் செல்வராணி அக்காதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பண்ணைக் குட்டை வெட்டுவது தொழில். மூன்று வாரமாக, வண்டியின் கையைத் தூக்கினால் அது தானாகவே தாழ்ந்துவிடுகிறது. உள்ளே எண்ணெய்க் கசிவு. கசிவை அடைக்க மாடல் எண் தெரியாமல் வாங்கிய ரப்பர் சீல் இரண்டு முறையும் பொருந்தவில்லை.

“நாளைக்குக் காயலாங்கடைக்காரரு வெட்டி எடுக்க வர்றாரு. படம் புடிக்கிறதுன்னா வெரசா புடிங்க தம்பி.”

எண்தகடு இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வருடா வருடம் ஆயுத பூசைச் சந்தனம், மழையில் கரையாமலிருக்க அதன்மேல் வார்னிஷ். சாவியால் சுரண்டப் போனேன்.

“கைய எடு பொடியா! எங்கப்பா பூசுன சந்தனம் அடியில இருக்கு. இரும்ப வெட்டட்டும், அதத் தொடக்கூடாது. வெளங்குதா?”

சாவியைப் பைக்குள் போட்டேன். பிறகுதான் நினைவு வந்தது: இந்த வகை வண்டிகளில் கை பொருந்துகிற அடிச்சட்டத்திலும் அதே எண்ணைக் குத்தியிருப்பார்கள். அக்காவிடம் கேட்டுவிட்டு அடியில் ஊர்ந்தேன். கிரீஸைத் துடைத்துச் சாக்பீஸ் தேய்த்ததும் எண்கள் எழுந்தன. ஓரிடத்தில் மூன்றா எட்டா என்று சந்தேகம். பிரிட்டோ தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எட்டு.

அக்கா ஒட்டன்சத்திரம் கடைக்கு போன் போட்டு எண்ணை வாசித்தார். “ஒரு செட்டு கெடக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க... சரி, வர்ற பஸ்ல கண்டக்டர்ட்டக் குடுத்து விட்ருங்க.”

12.20க்குப் பொட்டலம் வந்தது. அக்கா கழற்றி மாட்டினார், நாங்கள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தோம். மூன்றே காலுக்கு வண்டியின் கையைத் தூக்கி இன்ஜினை நிறுத்தினார். மண் அள்ளும் வாளியின் பல்லுக்கு நேர் கீழே, இரண்டு விரல் இடைவெளியில், ஒரு கண்ணாடி டம்ளர்.

“பத்து நிமிசம். ஒடஞ்சா அந்தாளு நாளைக்கு வரட்டும்.”

“ஏலே, மூச்சு விடாத. காத்துல எறங்கிரப் போவுது” என்றான் பிரிட்டோ.

பத்து நிமிடத்துக்குப் பதினைந்து நிமிடம் பார்த்தோம். டம்ளர் முழுதாக நின்றது. அக்கா போனை எடுத்தார். “அண்ணே, நாளைக்கு வராதீங்க. எனக்குச் சோலி கெடக்கு.”

போகிறவர்களுக்கு: சாக்பீஸ், பென்சில், தாள், பழைய சட்டை அவசியம். கேட்காமல் எதையும் சுரண்டாதீர்கள். திரும்பும் பஸ்ஸை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்; நாங்கள் கோஸ் மூட்டைகளோடு லாரியில் வந்தோம். காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் இப்போது வண்டி இருக்காது. கே.சி.பட்டிப் பக்கம் குட்டை வெட்டிக்கொண்டிருக்கிறது. சத்தம் வரும் திசையில் நடங்கள்.