விரலுக்குப் பத்து நாள் லீவு

மூன்று வாரம் முன்பு காரைக்கால்மேட்டில் ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். வீட்டில் மனைவி பையைப் பிரித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“மீன் வாங்கப் போனீங்களா, கொத்துக்கறி வாங்கப் போனீங்களா?”

தப்பு என்னுடையதல்ல. வழக்கமாக மீன் வெட்டித் தரும் வசந்தா அன்று அரிவாள்மனையைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். ரெண்டு கையிலும் தேங்காயெண்ணெய், அதற்கு மேல் பாலித்தீன் பை, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். வெட்டியது — அதை வெட்டு என்று சொல்லலாமென்றால் — அவர் கணவர் கலியமூர்த்தி. விசைப்படகில் போகிறவர். இது மீன்பிடித் தடைக்காலம், அதனால் கரையில் இருந்தார்.

“என்ன வசந்தா, கையில காயமா?”

“இல்ல சார். ரேகை வளக்குறேன்.”

விஷயம் இதுதான். குடும்பத் தலைவி என்று அரசாங்கம் வசந்தாவின் கணக்கில் மாதாமாதம் பணம் போடுகிறது. அவர் பெயருக்கென்று வந்த முதல் பணம். எடுக்க பேங்க்குக்குப் போனால், கைரேகை மிஷின் பத்து விரலையும் தள்ளிவிட்டது. செதில், உப்பு, ஐஸ், வெட்டுக்காயம்... எங்கே மிஞ்சும் ரேகை?

அந்தப் பணம் எதற்கு? கண்ணாடி வாங்க. கண்ணாடி எதற்கு? கிட்டத்தில் மங்கலாகத் தெரிகிறது, விரலை வெட்டிக்கொள்கிறார். விரல் வெட்டுப்பட்டால் ரேகை இல்லை. ரேகை இல்லாவிட்டால் பணம் இல்லை. பணம் இல்லாவிட்டால் கண்ணாடி... எனக்குத் தலை சுற்றியது.

“ஏடிஎம் கார்டு கேக்கலாமே?”

“கேட்டேன் சார். அதுக்கும் ரேகை வைக்கணுமாம்.”

பத்து நாள் மீன், சோப்பு எதையும் தொடாதீங்க என்று மிஷின்காரர் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து வசந்தாவுக்குக் கிடைத்த முதல் லீவு! மீன் வெட்டுவது, பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது எல்லாமே கலியமூர்த்தி. சோறுகூட அவர்தான் ஊட்டினாராம். குழம்பில் உப்பு இருக்கிறதே!

பதினோராம் நாள் மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. வசந்தா கண்ணாடி வாங்கினார். போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது கணவரின் கையை. விரலெல்லாம் கீறல்.

“இவ்ளோ எரியும்னு நீ சொல்லவே இல்லியே?” என்றாராம் அவர்.

“சொன்னேன். நீங்க கடல்ல இருந்தீங்க.”

பிறகு வசந்தா இதைச் சொன்னபோது எனக்கும் சுருக்கென்றது. எத்தனை வருடம் அந்தக் கையிடம் மீன் வாங்கியிருக்கிறேன்... ஒரு நாளாவது கையைப் பார்த்தேனா?

மறுநாள் கலியமூர்த்தியின் கணக்கில் தடைக்கால நிவாரணம் ஏறியது. எடுக்கப் போனார். விரலை வைத்தார்.

சிவப்பு விளக்கு.

போன ஞாயிறு போனேன். கண்ணாடியோடு வசந்தா வெட்ட, சங்கரா அளவெடுத்த மாதிரி விழுந்தது. நாற்காலியில், கையில் பாலித்தீன் பையோடு, கலியமூர்த்தி.

“அப்ப அடுத்த மாசம் உன் பணம்?”

“முறை வச்சுக்கிட்டோம் சார். இப்ப அவரு விரலு. அடுத்து என் விரலு.”

வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பை என் பக்கம் நகர்த்தினார்.

“உங்க ரேகைக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்லையே?”