ஆப்ப வாடை

ஜாசின் ஊர்க் கடையொன்றில் இன்று ஆப்பம் வேகும் புளித்த வாசனை வந்ததும், வெள்ளைக்காரத் துரை காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த, பின்னர் இல்லாமலே போன, அத்தாப்பு ஓலைக் கூரை பஜனை மடம் நினைவுக்கு வந்தது. கள் குடிக்காத, திருநீறு பூசிய பையன்களை மட்டுமே அங்கே வாலிபர் சங்கத்தில் சேர்ப்பார்கள். சங்கத் தலைவர், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகன், வாசலில் நின்று ஒவ்வொருவர் வாயையும் முகர்ந்து பார்ப்பார். நான் சேரப் போன அன்று என் வாயையும் முகர்ந்தார்.

“கள்ளு வாடை அடிக்குதேடா!”

“அம்மா ஆப்பமாவு புளிக்க ஊத்துனதுண்ணே.”

எல்லோரும் சிரித்தார்கள்; என் அப்பா கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடப்பவர் என்பது அவர்களுக்குத் தெரியும். என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் சங்கத்தில் சேரும் நாளென்றே ஆப்பம் சுட்ட அம்மா, “சேத்துக்கிட்டாங்களாடா?” என்றாள். ஆமென்று தலையாட்டினேன். மறுநாள் குழாயடியில் அவள் அதைப் பெருமையாகச் சொன்னபோது, விஷயம் தெரிந்த பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வாளியோடு பக்கத்தில் நின்ற என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.