முப்பத்தொன்றாம் பிரிவும் சத்யப்ரியா அக்காவும்

எந்தத் தாளைக் கொடுத்தாலும் சத்யப்ரியா அக்கா கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குவார். பையிலிருக்கும் ஆறங்குல எஃகு ஸ்கேலை எடுத்து வரிக்குக் கீழே வைப்பார். உதடு அசையும். வரி முடிந்ததும் ஸ்கேல் ஒரு நூல் இறங்கும். ஓசூர் சிப்காட்டில் நாங்கள் வேலை பார்க்கும் கியர் கம்பெனியில் பதினாறு வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவர்.

"கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான் படிப்பியாக்கா?" என்று முனிவேல் ஒருமுறை கேன்டீனில் சீண்டினான்.

"உன்னோடதப் படிச்சனே. மண்டபத்துப் பேரே தப்பு. நீயே போய்ச் சேந்திருக்க மாட்ட."

பில்டரிடம் வாங்கிய எங்கள் புது வீட்டின் ஒப்பந்தத்தை நானும் அம்மாவும் படிக்கவே இல்லை. ஷிப்ட் பதிவேட்டில் டிக் போட்ட இடத்தில் கையெழுத்திட்டுப் பழகிய கை. பில்டர் ஆபீசிலும் பென்சில் டிக் இருந்த நாற்பத்திரண்டு பக்கத்திலும் போட்டுவிட்டேன். சாவி தர வேண்டிய தேதி கடந்து இரண்டு வருடம் ஆனது. கேட்டதற்குக் கடிதம் வந்தது. முப்பத்தொன்றாம் பிரிவின்படி தகராறை நடுவர்தான் தீர்ப்பார், வேறெங்கும் போக முடியாது, பத்தாம் தேதி பெங்களூரு வந்து சம்மதக் கையெழுத்திடவும். அந்த நடுவரை நியமித்ததும் பில்டர்தான். வீடு போய்விடுமோ என்ற பயத்தில் அம்மா பஸ்ஸுக்கே தயாராகிவிட்டார்.

கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் அக்காவிடம் நீட்ட எனக்கு மூன்று நாள் பிடித்தது. வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் திருப்பித் தந்தார்.

"பெங்களூரு போய்க் கையெழுத்து மட்டும் போட்றாதீங்க. இந்தப் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போலாம். கிருஷ்ணகிரியிலயே இருக்குது. எடுத்துக்குவாங்க."

"நிச்சயமாவாக்கா?"

"நான்தான் சொல்றன்ல. போடா."

அந்தப் 'போடா'வை நம்பித்தான் போனோம். பில்டரின் வக்கீல் முப்பத்தொன்றைக் காட்டி எதிர்த்தார், ஆணையம் ஏற்கவில்லை. பத்து மாதத்தில் உத்தரவு, இந்த மார்ச்சில் சாவி. சமையல் மேடைமேல் உள்ளங்கையை வைத்தபடி அம்மா வெகுநேரம் நின்றார். நன்றி சொல்ல அக்காவுக்கு ஒரு கேக் வாங்கிப் போனேன். நீட்டினேன். "குளியலறையில தண்ணி சரியா வடியுதா, பாத்தியா?" என்றார். அவ்வளவுதான்.

உத்தரவின் நகல் வாங்க மே மாதம் ஆணையத்துக்குப் போனேன். பில்டர் பெயரைப் பார்த்ததும் அங்கிருந்த ஊழியர் சொன்னார்: "நீங்க மனு போடறதுக்கு முன்னாடி இதே ஒப்பந்தத்தோட ஒரு அம்மா வந்தாங்க. இந்தப் பிரிவு இருந்தா எடுத்துக்குவீங்களா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்கன்னாங்க. பதில் கிடைக்கிற வரைக்கும், சாயங்காலம் நாலு மணி வரை, கையில ஒரு ஸ்டீல் ஸ்கேலோட உக்காந்தே இருந்தாங்க."