கேமராவோடு போன ஆள்

நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவன். கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்த நாலு பேர், பாடத்துக்காகப் பத்து நிமிஷக் கதைப்படம் எடுக்க வேண்டுமென்று கேமரா கேட்டு வந்தார்கள். முதலாளி கேமராவைத் தனியாக அனுப்ப மாட்டார். “கேமரா வந்தா இவனும் வருவான்” என்றார். ஸ்டாண்டையும் பையையும் காட்டிய அதே விரலால்தான் என்னையும் காட்டினார்.

ஆக, அவர்களுக்கு வேண்டியது கேமரா; நான் அதோடு ஒட்டிக்கொண்டு போனவன். என் படிப்பு தெரிந்தால் கேமராவை வைத்துக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அவர்கள் காகிதத்தை விரித்து ஷாட், சீன் என்று பேசியபோதெல்லாம் தலையை ஆட்டினேன். ஒரு தடவை “தண்ணி குடிக்கீங்களாண்ணே?” என்று கேட்டதற்கும், “ஆமா, அப்படித்தான் எடுக்கணும்” என்றேன்.

டைரக்டர், அவர்களில் ஒரே பெண்பிள்ளை. கதை சின்னதுதான். ஒருவர் தன் ஆடுகளை விற்றுவிடுகிறார். வாங்கியவர்கள் ஓட்டிப் போக, அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்த முகத்தில் படம் முடிய வேண்டும். எப்போதும்வென்றான் பக்கம் ஓர் ஊரில், நிஜமாகவே ஆடு வைத்திருந்த ஒருவரை நடிக்கக் கேட்டோம்.

“நடிக்கேன். ஆனா ஆடு ஒருக்காதான் போவும்” என்றார். “சாயங்காலம் ராத்தங்குற கிடையப் பாத்துத் திரும்பிட்டுன்னா, கலெக்டரே வந்தாலும் மறிக்க முடியாது.”

ஒரே டேக். பேட்டரியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். கரிசல் புழுதிக்குப் பயந்து, எடுக்கிற நேரம் வரை டேப்பை டிபன்பாக்ஸுக்குள் வைத்து, அதன் மேல் துண்டைச் சுற்றினேன்.

ஆடுகள் நகர்ந்தன. ஆட்டுக்காரர் முகம் அருமையாக நின்றது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது; புழுதியாகவும் இருக்கலாம். அப்போது என் கடைக்கண்ணில் ஊர் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். ஓர் அக்கா முந்தானையைச் சரிசெய்தாள். ஒருவர் சீப்பை எடுத்தார். அவ்வளவுதான், என் கை தானாக நகர்ந்துவிட்டது.

கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா முகம் விட்டுப்போனாலும் ஸ்டூடியோ வாசலில் வந்து சண்டை பிடிப்பார்கள். அதனால் பந்தியில் இலை இலையாக, முகம் முகமாக, ஆளுக்கு இரண்டு எண்ணிக்கை நிறுத்தி நகர்வது என் கைக்குப் பழகியிருந்தது. அன்றும் ஒருத்தரையும் விடவில்லை. அவர்களும் முறைப்படி நிமிர்ந்து நின்றார்கள். கடைசியில் ஆட்டுக்காரரிடம் திரும்பி வந்தபோது, அவரும் கண்ணைத் துடைத்து, துண்டை உதறித் தோளில் போட்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றிருந்தார். ஆடுகளைக் காணோம்.

எடுத்ததை நாலு பேரும் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார்கள்.

“நான் ஒம்போதாங்கிளாசுதான்” என்றேன். என்ன படித்தேன் என்று யாரும் கேட்கவே இல்லை.

“அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?” என்றாள் டைரக்டர்.

பையன்களில் ஒருவன் அடக்க மாட்டாமல் சிரித்தான். “ஒரு மூஞ்சிய மட்டும் எடுங்கண்ணேன்னு சொல்ல நமக்குத் தோணலையே. இதுக்கா மூணு வருசம் படிச்சோம்?”

“சொல்லியிருந்தாலும் அண்ணன் தலைய ஆட்டியிருப்பாவ” என்றாள் அவள்.

ஆட்டுக்காரர்தான் சமாதானம் சொன்னார். “எதுக்கு மொகத்தத் தொங்கப் போடுதீங்க? நாளைக்கும் ஆடு இந்த வழியாத்தான் போவும்.”

மறுநாள் ஊர் இன்னும் நல்ல துணி உடுத்தி வந்து நின்றது. “மொதல்ல இவிய எல்லாரையும் கல்யாணக் கணக்கா எடுத்துருங்கண்ணே. அப்புறம் அவர மட்டும்” என்றாள் டைரக்டர். “டேப் போடாம சும்மா காட்டுங்க” என்று நேற்றுச் சிரித்த பையன் காதோடு சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. போட்டே எடுத்தேன்.

பிறகு டேப்பை மாற்றி, ஆட்டுக்காரர் முகத்தில் நிறுத்தினேன். கை நகராமலிருக்க அந்தப் பையன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் யாரோ இருமினார்கள். கை துடித்தது, அவன் இன்னும் இறுக்கினான். ஆடுகள் போய், புழுதி அடங்கி, “போதும்ணே” என்று அவள் சொல்லும் வரை அந்த முகத்தை விடவில்லை.

கல்லூரியில் படம் போட்ட அன்று ஊரிலிருந்தும் ஒரு கூட்டம் பஸ் பிடித்து வந்திருந்தது. படம் முடிந்தது. வாத்தியார்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் எழுந்திருக்கவில்லை. “எங்கள எங்கன?” என்று கேட்டாள் முந்தானை அக்கா. அந்த டேப்பையும் போட்டோம். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

கேமராவையும் என்னையும் ஸ்டூடியோவில் திருப்பி விட்டுப் போனார்கள். அத்தோடு சரி என்று நினைத்தேன். பொங்கல் கழிந்து ஒருநாள் ஸ்டூடியோ போனில் டைரக்டர் குரல். இன்னொரு படம் எடுக்கிறார்களாம்.

“முதலாளிகிட்ட கேக்கணுமே. தை மாசம் முழுக்க கேமராவுக்குக் கல்யாணம் இருக்கு” என்று பதறினேன்.

“கேமரா வேற எடத்துல கெடச்சிட்டுண்ணே. நீங்க வாங்க.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். பிறகு கேட்டேன்: “பேட்டரி எத்தன இருக்கு?”